கண்மட்டக் கோடு: பெர்ஸ்பெக்டிவ் வரையத் தொடங்குவோருக்கு

தட்டையான தாளில் தொலைவைக் காட்டும் முறையான பெர்ஸ்பெக்டிவைக் கற்க வருபவர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, விலகிச் செல்லும் கோடுகள் ஒன்றுகூடுவதாகத் தெரியும் மறைபுள்ளியைப் பற்றித்தான். தாளின் நடுவே ஒரு புள்ளியை வைத்து, அதிலிருந்து நாற்புறமும் கோடுகளை இழுத்து, இடையில் ஒரு சாலையையும் இருபுறமும் மரங்களையும் நிரப்பினால் தொலைவு வந்துவிடும் என்று பள்ளியிலேயே கேட்டிருப்பார்கள். அந்தப் படத்தில் தொலைவு வரவும் செய்யும். ஆனால் அதே மாணவர் தம் வீட்டுக் கூடத்தை வரைய உட்காரும்போது, அந்தப் புள்ளியைத் தாளில் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்காது. வார இறுதிகளில் கோட்டோவியம் சொல்லிக் கொடுத்து வரும் எனக்கு, புள்ளியிலிருந்து தொடங்கும் அந்தப் பாடமுறையின் மேல் நம்பிக்கை இல்லை. புள்ளிக்கு முன்பு ஒரு கோடு இருக்கிறது. வரைபவரின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தைத் தாளில் காட்டும் கிடைக்கோடு அது. அதைக் கண்மட்டக் கோடு என்கிறோம். ஓவிய வகுப்புகளில் ஹொரைசன் லைன் என்று சொல்வதும் இதைத்தான். இந்தக் கோட்டை உண்மையாக உணர்ந்தவருக்குப் பெர்ஸ்பெக்டிவின் பாதிச் சிக்கல்கள் தாமாகவே தீர்ந்துவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

கண்மட்டத்தை விளக்கிச் சொல்வதைவிடக் காட்டிவிடுவது எளிது. கண்ணாடிபோல் தெளிவான ஒரு பாட்டிலில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்து, மெல்ல மேலே உயர்த்துங்கள். பாட்டில் இடுப்பளவில் இருக்கும்போது தண்ணீரின் மேற்பரப்பு நீள்வட்டமாக, மேலிருந்து பார்ப்பதாகத் தெரியும். உயர்த்த உயர்த்த அந்த நீள்வட்டம் ஒடுங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் வெறும் கோடாக மாறிவிடும். அதையும் தாண்டி உயர்த்தினால் அதே பரப்பை அடியிலிருந்து பார்க்கத் தொடங்குவீர்கள். தண்ணீர் கோடாகத் தெரிந்த அந்த உயரம்தான் உங்கள் கண்மட்டம். பாட்டிலை அப்படியே பிடித்துக்கொண்டு, அந்தக் கோட்டை எதிர்ச்சுவர் வரை மனத்தால் நீட்டிப் பாருங்கள். அது அலமாரியின் எந்தத் தட்டைத் தொடுகிறது, கதவின் எந்த இடத்தை வெட்டுகிறது, சுவிட்ச் போர்டுக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அதே சோதனையைச் செய்தால், நிற்கும்போது ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் இருந்த கோடு இரண்டரை அடிக்குக் கீழிறங்கி, நாற்காலிகளின் கைப்பிடியை ஒட்டி ஓடுவதைக் காணலாம். அறையில் எந்தப் பொருளும் நகரவில்லை. ஆனால் வரையப்போகும் படம் முற்றிலும் வேறு படமாகிவிட்டது.

கடற்கரையில் நின்றால் இந்தக் கோடு கண்ணெதிரிலேயே இருக்கிறது. கடலும் வானமும் சந்திப்பதாகத் தெரியும் விளிம்பு எப்போதும் நம் கண் உயரத்தில்தான் அமையும். மணலில் படுத்துப் பார்த்தால் அது தாழ்ந்து, முன்னால் இருக்கும் படகின் பக்கப்பலகை அதை மறைத்துவிடும். மெரினா கலங்கரை விளக்கத்தின் மேல்தளத்திற்கு ஏறினால் அதுவும் கூடவே ஏறி, கீழே கட்டடங்களின் உச்சிகளுக்கெல்லாம் மேலே போய் நிற்கும்.

கோடு கிடைத்தபின் மற்ற விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நம்மைவிட்டு விலகிச் செல்லும் கிடைவிளிம்புகள் யாவும் கண்மட்டக் கோட்டை நோக்கியே போகின்றன. ஆகவே கண்மட்டத்திற்கு மேலே இருப்பவை, அதாவது உத்தரம், பரணின் விளிம்பு, கதவு நிலையின் மேற்கட்டை ஆகியவை, தொலைவு போகப்போகத் தாழ்ந்து வரும். கீழே இருக்கும் கட்டில் விளிம்பு, மேசை, தரையின் டைல்ஸ் இணைப்புகள் ஆகியவை உயர்ந்து வரும். சரியாகக் கண்மட்டத்திலேயே இருக்கும் விளிம்பு ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. வகுப்பில் நான் அதிகமாகத் திருத்துவது மேசையைத்தான். மேசையின் மேற்பரப்பு செவ்வகம் என்று மூளைக்குத் தெரிந்திருப்பதால், கண் காண்பதைக் கை மீறி, மேற்பரப்பை அகலமாகத் திறந்து வைத்து வரைந்துவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எதிரிலுள்ள மேசையின் மேற்பரப்பு மிகக் குறுகிய பட்டையாகத்தான் தெரியும். அந்தப் பட்டையின் உயரத்தைப் பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்து காட்டினால், அவ்வளவுதானா என்று பெரியவர்களே வியக்கிறார்கள்.

கூட்டத்தை வரையும்போது இந்தக் கோட்டின் பயன் இன்னும் நன்றாகப் புலப்படும். சமதரையில் நாமும் நின்று, நம்மைச் சுற்றி ஏறத்தாழ நம் உயரமே உள்ளவர்கள் நின்றால், பத்தடியில் இருப்பவரின் கண்ணும் இருநூறடியில் இருப்பவரின் கண்ணும் ஒரே கோட்டில்தான் அமையும். தொலைவு கூடக்கூட மாறுவது பாதத்தின் இடம் மட்டுமே. தலைகள் வரிசையாக நிற்க, பாதங்கள் மேலே ஏறிவந்துகொண்டிருக்கும். ரயில் நிலைய நடைமேடையிலோ தேர்த்திருவிழாக் கூட்டத்திலோ இதை நேரில் சரிபார்க்கலாம். நடைமேடையிலேயே கீழே உட்கார்ந்துவிட்டால், கோடு அங்கு நிற்கும் ஒவ்வொருவரையும் ஏறத்தாழ இடுப்பளவில் வெட்டிச் செல்லும். அருகில் இருப்பவரானாலும் தொலைவில் இருப்பவரானாலும் வெட்டும் இடம் மாறாது. தொடக்கநிலை ஓவியங்களில் பின்னால் நிற்கும் மனிதர்கள் குழியில் நிற்பதுபோலவோ காற்றில் மிதப்பதுபோலவோ தோன்றுவதற்குக் காரணம், உருவத்தைச் சிறிதாக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிலிருந்து, கோடு நினைவில் இல்லாததுதான்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலியரான லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி 1435இல் ஓவியக்கலையைப் பற்றி எழுதிய நூலில் இதையே சொல்லியிருக்கிறார். படத்தில் கோடுகள் கூடும் மையப்புள்ளியை அதில் வரையப்படும் மனிதனின் உயரத்திற்கு மேலே வைக்கக் கூடாது; அப்போதுதான் பார்ப்பவரும் படத்திலுள்ளவரும் ஒரே தரையில் நிற்பதாகத் தோன்றும் என்பது அவருடைய அறிவுரை. கோயிலில் நடமாடும் மனிதர்களின் தலைகள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் தெரிய, தொலைவில் இருப்பவர்களின் பாதங்கள் அருகில் இருப்பவர்களின் முழங்கால் மட்டத்தில் அமைவதையும் அவர் அங்கேயே குறிப்பிடுகிறார். கணக்கில் தேர்ந்த ஒருவர், கூட்டத்தைக் கூர்ந்து பார்த்து எழுதிய இந்த வரிகளின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. புளோரன்ஸ் நகரில் சாந்தா மரியா நொவெல்லா ஆலயச் சுவரில் 1420களில் மசாச்சோ தீட்டிய திரித்துவ ஓவியத்தில், கோடுகள் கூடும் இடம் சிலுவையின் அடிப்பகுதியை ஒட்டி, ஆலயத் தரையில் நிற்பவரின் கண் உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் அந்தச் சுவரில் வரையப்பட்ட வளைவு மாடம் உண்மையிலேயே சுவரைக் குடைந்து கட்டியதுபோல் தோன்றுகிறது.

அதற்கும் சற்று முன்னர், அதே நகரில் கட்டடக்கலைஞர் பிலிப்போ புருனெல்லெஸ்கி செய்த சோதனை பெர்ஸ்பெக்டிவின் இன்னோர் அடிப்படையை நிலைநாட்டியது. பேராலயத்தின் வாசலுக்குள் நின்று, எதிரே இருக்கும் சான் ஜியோவான்னி திருமுழுக்கு ஆலயத்தை ஒரு பலகையில் தீட்டிய அவர், பலகையில் ஒரு துளையிட்டு, பின்புறத்திலிருந்து அந்தத் துளை வழியே பார்க்கச் செய்தார். எதிரே பிடித்திருக்கும் கண்ணாடியில் ஓவியத்தின் பிம்பம் தெரியும். வானம் வர வேண்டிய இடத்தில் மெருகேற்றிய வெள்ளி பதித்திருந்ததால் உண்மையான மேகங்களே அதில் நகர்ந்தன. அந்தப் பலகை இன்று இல்லை. அவர் வாழ்க்கையை எழுதிய மனெத்தி தந்த விவரிப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. இதில் நாம் கற்க வேண்டியது அந்தத் துளையைத்தான். பெர்ஸ்பெக்டிவ் என்பது ஒரே ஒரு கண், ஒரே ஓர் இடத்தில் அசையாமல் நின்று காண்பதன் பதிவு. தலையைத் திருப்பித் திருப்பி, எட்டிப் பார்த்து வரைந்தால், ஒவ்வொரு பொருளும் தனித்தனியே சரியாக இருந்தும் படம் ஒன்றுசேராது. ஆகவே வரையத் தொடங்கும்முன் நாற்காலியின் இடத்தையும் உட்காரும் நிலையையும் முடிவுசெய்துகொண்டு, அளவெடுக்கும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதே நிலைக்குத் திரும்பும் பழக்கம் வேண்டும்.

இப்போது மறைபுள்ளிக்கு வரலாம். நாம் எந்தத் திசையை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ, அந்தத் திசைக்கு இணையாக ஓடும் விளிம்புகள் யாவும் கண்ணுக்கு நேர் எதிரே, கண்மட்டக் கோட்டின் மேல், ஒரே புள்ளியில் கூடுகின்றன. இதைப் புரிந்துகொள்ள இராமேசுவரம் இராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிராகாரத்தை விடச் சிறந்த பாடம் நம் மாநிலத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சேதுபதி மன்னர்களின் ஆதரவில் 18ஆம் நூற்றாண்டில் நிறைவுற்ற அந்தப் பிராகாரத்தில் 1200க்கும் மேற்பட்ட தூண்கள் இருக்கின்றன. இருபுறமும் உயர்ந்த மேடைகள், அவற்றின்மேல் தூண்கள், தூண்களின் தலையில் போதிகைகள், அவற்றுக்கு மேலே விதானம் என்று எல்லா வரிகளும் ஒரே இடத்தை நோக்கிப் பாய்வதை அங்கே காணலாம். நடைபாதையின் நடுவில் நின்றால் கோடுகள் இருபுறமும் ஒத்த சரிவில் கூடும். இடப்பக்க மேடையை ஒட்டி நகர்ந்தால் புள்ளியும் நம்மோடு இடப்பக்கம் நகரும். அப்போது இடப்பக்கத் தூண்வரிசை நெருக்கமாக ஒடுங்கி, வலப்பக்கம் விரிந்து திறக்கும். படத்திற்கு உயிர் தருவது பெரும்பாலும் இந்த இரண்டாம் நிலைதான். புள்ளியைத் தாளின் நட்டநடுவில் வைக்கும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

தூண்களுக்கு இடையே உள்ள தூரத்தை எப்படிக் குறைப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். பலரும் ஒரு குத்துமதிப்பில், ஒவ்வொரு இடைவெளியையும் முந்தியதைவிடச் சற்றுச் சிறிதாக வரைந்து செல்வார்கள். தூண்கள் சீராக நிற்பதாகத் தோன்றாது. இதற்குத் துல்லியமான கணக்கு இருக்கிறது. கண்ணிலிருந்து இருமடங்கு தொலைவில் இருக்கும் பொருள் தாளில் பாதி உயரமாகும்; மும்மடங்கு தொலைவில் மூன்றில் ஒரு பங்காகும். கண்ணிலிருந்து 4 மீட்டர் தொலைவில் முதல் தூண் தாளில் 10 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த தூண்கள் 8, 12, 16, 20 மீட்டரில் இருந்தால், அவற்றின் உயரம் முறையே 5, 3.3, 2.5, 2 செ.மீ. ஆகும். முதல் தூணுக்கும் இரண்டாம் தூணுக்கும் இடையே உயரம் பாதியாகச் சரிகிறது. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையே அரை செ.மீ. மட்டுமே குறைகிறது. தொடக்கத்தில் திடீரென்றும் பிறகு மெதுவாகவும் நிகழும் இந்தக் குறைவைத்தான் குத்துமதிப்புக் கை தவறவிடுகிறது.

கணக்குப் போட விரும்பாதவர்களுக்கு ஸ்கேல் மட்டும் போதும். முதல் தூணின் உச்சியிலிருந்தும் அடியிலிருந்தும் மறைபுள்ளிக்கு இரண்டு கோடுகளை மெல்லியதாக இழுங்கள். முதல் தூணின் சரிபாதியைக் குறித்து, அங்கிருந்தும் மறைபுள்ளிக்கு ஒரு கோடு இழுங்கள். இரண்டாம் தூணைக் கண் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த ஒன்றை மட்டும் நீங்கள் முடிவுசெய்ய வேண்டும். பிறகு முதல் தூணின் உச்சியிலிருந்து புறப்பட்டு, இரண்டாம் தூணை நடுக்கோடு வெட்டும் இடத்தின் வழியாக ஒரு மூலைவிட்டம் இழுத்தால், அது அடிக்கோட்டைத் தொடும் இடம்தான் மூன்றாம் தூணின் அடி. அங்கே தூணை நிறுத்தி, இரண்டாம் தூணின் உச்சியிலிருந்து மறுபடியும் அதேபோல் இழுத்தால் நான்காவது கிடைக்கும். மேலே சொன்ன 10, 5 என்ற அளவுகளில் இரண்டு தூண்களை நிறுத்தி இதைச் செய்து பாருங்கள், மூன்றாவது 3.3 செ.மீ. ஆகவே வந்து நிற்கும். தந்திக் கம்பம், வேலி, ரயில் பெட்டியின் சன்னல், ஓட்டு வீட்டின் திண்ணைத் தூண் என்று சம இடைவெளியில் வரும் எதற்கும் இந்த முறை பொருந்தும். ஆல்பெர்த்தியும் தாம் வரைந்த கட்டத் தரை சரியா என்று சோதிக்க மூலைவிட்டத்தையே பயன்படுத்தினார்: ஒரே நேர்கோடு அடுத்தடுத்த கட்டங்களின் மூலைகள் வழியாகச் சென்றால் தரை சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள்.

நேரில் பார்த்து வரைவதற்கு அவர் சொன்ன இன்னொரு கருவி, நூல்களால் கட்டம் போட்ட மெல்லிய துணித்திரை. நம் வீடுகளில் அது ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிறது. சன்னல் கிரில்லின் கம்பிகள் அதே வேலையைச் செய்கின்றன. கட்டம் கட்டமாக அமைந்த கிரில் என்றால் மிகவும் நல்லது. சன்னலுக்கு எதிரே மூன்றடி தள்ளி நாற்காலியைப் போட்டு, தாளில் கிரில்லில் உள்ள அதே எண்ணிக்கையில் கட்டங்களை மெல்லியதாக வரைந்துகொண்டு, ஒரு கண்ணை மூடி, எதிர்வீட்டு மாடியின் விளிம்பு எந்தக் கட்டத்தில் நுழைந்து எந்தக் கட்டத்தில் வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்துக் குறியுங்கள். வீடு என்றோ சுவர் என்றோ நினைக்க வேண்டியதில்லை. கம்பிக்கும் கோட்டுக்கும் உள்ள கோணம் மட்டும் போதும். கிடைக்கம்பி துல்லியமான கிடைக்கோடாக இருப்பதால், மாடி விளிம்பின் சரிவு அதற்கு எதிராகத் தெளிவாகத் தெரியும். இந்தப் பயிற்சியை ஸ்கேல் பிடித்து வரையும் பயிற்சிகளைவிட மேலானதாகவே நான் கருதுகிறேன். விதி சொல்வதைக் கண்ணே சரிபார்த்துக்கொள்ளும் வாய்ப்பு இதில்தான் கிடைக்கிறது.

கட்டடத்தின் மூலையை எதிர்நோக்கி நிற்கும்போது இரண்டு மறைபுள்ளிகள் தேவைப்படுகின்றன. இடச்சுவரின் கோடுகள் இடப்பக்கப் புள்ளிக்கும் வலச்சுவரின் கோடுகள் வலப்பக்கப் புள்ளிக்கும் போகும். இரண்டு புள்ளிகளும் கண்மட்டக் கோட்டின் மேலேயே இருக்கும். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டு புள்ளிகளையும் தாளுக்குள்ளேயே வைத்துவிடுவதால் வீடு கத்திமுனைபோல் முன்னால் துருத்திக்கொண்டு வருகிறது. படத்தைக் கண்ணிலிருந்து 40 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்ப்பதாகக் கொள்வோம். மூலை இருபுறமும் சமமாகத் திரும்பியிருந்தால், கண்ணுக்கு நேர் எதிரே உள்ள இடத்திலிருந்து இருபக்கமும் 40 செ.மீ. தள்ளிப் புள்ளிகள் அமைய வேண்டும். இரண்டுக்கும் இடையே 80 செ.மீ. வரும். ஏ4 தாளின் நீளமே 29.7 செ.மீ. தான். ஒரு சுவர் அதிகமாகத் திரும்பியிருந்தால் ஒரு புள்ளி 20 செ.மீ. தொலைவுக்கு நெருங்கி, மற்றது 80 செ.மீ. தொலைவுக்கு விலகும், இரண்டு தொலைவுகளையும் பெருக்கினால் எப்போதும் 1600 வரும். புள்ளிகளை 28 செ.மீ. இடைவெளியில் தாளுக்குள் அடக்கினால், தாளிலிருந்து 14 செ.மீ. தொலைவில் கண்ணை வைத்துப் பார்ப்பவருக்கு மட்டுமே அந்தப் படம் சரியாகத் தெரியும். ஆகவே வரைபலகையைத் தரையில் வைத்து, வேண்டிய தொலைவில் இருபுறமும் கனமான அட்டையில் குண்டூசி குத்தி, நூல் கட்டி இழுத்துக் கோடுகளைக் குறித்துக்கொள்வது நல்லது.

வட்டங்களைப் பற்றி ஒரு சொல். எவர்சில்வர் தம்ளரை மேசைமேல் வைத்து வரையும்போது, வாயை நீள்வட்டமாக வரைபவர்களும் அடிப்பகுதியை நேர்கோடாக முடித்துவிடுகிறார்கள். பாட்டில் சோதனையில் கண்டதுபோல், கண்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நீள்வட்டம் திறக்கும். ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிடச் சற்று அதிகமாகவே இருக்க வேண்டும். நீள்வட்டத்தின் இரு முனைகளும் கூராக முடியாமல் உருண்டு திரும்ப வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், பெர்ஸ்பெக்டிவ் இல்லாத ஓவியத்தைக் குறைபட்டது என்று எண்ணிவிடக் கூடாது என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தஞ்சாவூர் ஓவியத்தில் நடுவில் இருக்கும் தெய்வம் பெரிதாகவும் சுற்றியிருப்பவர்கள் சிறிதாகவும் இருப்பது தொலைவைக் காட்டுவதற்கு அல்ல. யார் முதன்மை என்பதைக் காட்டுவதற்கு. அந்த ஓவியருக்கு ஓரிடத்தில் நிற்கும் ஒற்றைக் கண் தேவைப்படவில்லை. எட்டு வயதுக் குழந்தை மேசையின் நான்கு கால்களையும் விரித்து வரைவதும் தான் அறிந்ததை முழுமையாகச் சொல்லும் முயற்சிதான். அந்த வயதில் மறைபுள்ளியைத் திணிக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் எப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

சமதரைப் பாடங்கள் கைவந்தபின் சரிவுகளுக்குப் போகலாம். உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற ஊர்களில் மேலேறும் தெருவை வரைபவர்கள், தெருவின் ஓரங்களையும் கண்மட்டக் கோட்டிலேயே கூட்டிவிடுவதால் தெரு சமதரையாகிவிடுகிறது. மேலேறும் தெருவின் மறைபுள்ளி, சமதரையாக இருந்தால் எங்கே அமைந்திருக்குமோ அதற்கு நேர் மேலே, அதே செங்குத்துக் கோட்டில் இருக்கும். இறங்கும் தெருவுக்கு நேர் கீழே இருக்கும். தெருவோரத்து வீடுகளின் சன்னல், கதவு, தளம் ஆகியவை சரிவில் கட்டப்பட்டிருந்தாலும் கிடைமட்டமாகவே இருப்பதால், அவற்றின் கோடுகள் கண்மட்டக் கோட்டுக்கே போகும். மாடிப்படிக்கும் இதுவே முறை: நேர் எதிரே ஏறிச்செல்லும் படிகளின் முனைகளைத் தொட்டுச் செல்லும் சாய்கோடுகள் மேலே உள்ள புள்ளியில் கூடும், ஒவ்வொரு படியின் பக்கவாட்டு விளிம்பும், படி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், கண்மட்டத்திலுள்ள புள்ளியையே நாடும். கண்மட்டத்திற்கு மேலே உள்ள படிகளில் மிதிக்கும் பரப்பு தெரியாது, நம்மை நோக்கி நிற்கும் செங்குத்து முகமான நெற்றிப்பலகை மட்டுமே தெரியும். உங்கள் வீட்டுப் படிக்கட்டின் கீழே நின்று எந்தப் படியிலிருந்து மிதிபரப்பு மறைகிறது என்று பார்த்துக்கொண்டு, அங்கிருந்து வரையத் தொடங்குங்கள்.